பாண்டிங்கின் வெண்ணெய்

சோற்றையும் இட்லியையும் விட்ட முதல் வாரம். தலைவலியோடு இந்த உணவுமுறையின் பூர்வீகத்தைத் தேடினேன். அது லண்டனில் இறுதிச்சடங்குத் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங்கிடம் போய் நின்றது.

1862இல் அவருக்கு 202 பவுண்டு எடை. குனிந்து ஷூ நாடா கட்ட முடியாது. படிக்கட்டில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். காது மந்தம் என்று போனவரிடம் டாக்டர் வில்லியம் ஹார்வி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு, பால், வெண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஹார்வி, பாரிஸில் கிளாட் பெர்னாரின் நீரிழிவு உரைகளைக் கேட்டுவந்தவர். ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. 1863இல் தன் கதையைச் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார் பாண்டிங்.

ஆனா ஒண்ணு, விலக்கியவற்றில் வெண்ணெயும் இருக்கே! மாவைக் குறைத்தவர் அவர். கொழுப்பைக் கூட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். என் தட்டில் உருகும் வெண்ணெய்க்கு அவரைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.