குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளுக்குள் ஒரு போட்டி மூண்டது. கெட்டிக்கார மாணவனை இழுக்க ஒரு கல்லூரி உதவித்தொகை அறிவித்தால், அடுத்த கல்லூரி அதைவிடக் கூட்டிச் சொல்லும். அவன் வசதியானவனா, இல்லாதவனா என்பது பின்னுக்குப் போனது. ஹார்வர்டில் நிதியுதவியைக் கவனித்துவந்த ஜான் மன்றோ இதற்கு ஒரு கணக்கு போட்டார். பெற்றோரின் வருமானம், சொத்து, படிக்க வேண்டிய பிள்ளைகள் எல்லாவற்றையும் வைத்து, குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று முதலில் மதிப்பிட வேண்டும். படிப்புச் செலவில் அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மாணவனின் தேவை. கல்லூரி நுழைவுத் தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு 1954-இல் தொடங்கிய உதவித்தொகைச் சேவை, இந்த முறையைப் பல கல்லூரிகளுக்கும் பொதுவாக்கியது.

மன்றோ பின்னர் ஹார்வர்ட் கல்லூரியின் டீன் ஆனார். 1967-இல் அந்தப் பதவியை விட்டுவிட்டு, அலபாமாவில் கறுப்பின மாணவர்களுக்கான மைல்ஸ் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். யாரை மனத்தில் வைத்து அந்தக் கணக்கைப் போட்டார் என்பதற்கு அதுவே சாட்சி.

அரசுப் பணம் வேறு வழியில் வந்தது. 1944-இன் படைவீரர் சட்டம், போரிலிருந்து திரும்பியவர்களுக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணம் கட்டியது. குடும்ப வருமானத்தைக் கேட்கவில்லை. சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். ஆனால் தென்மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே இல்லை. சட்டத்தில் இருந்த உரிமை அவர்களில் பலருக்குக் கைக்கு எட்டவில்லை.

கல்விக் கடனைக் கொண்டுவந்தது ஸ்புட்னிக். 1957-இல் சோவியத் ஒன்றியம் செயற்கைக்கோளை ஏவியதும் வாஷிங்டன் பதறியது. மறு ஆண்டே தேசப் பாதுகாப்பின் பெயரில் மாணவர்களுக்குக் குறைந்த வட்டிக் கடன் கிடைத்தது. கடன் வாங்குபவர், அரசைக் கவிழ்க்கும் கொள்கையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஹார்வர்டும் யேலும் இதை எதிர்த்துத் திட்டத்திலிருந்து விலகின. 1962-இல் அந்த நிபந்தனை நீங்கியது.

1965 நவம்பர் 8-இல் மாணவர் நிதியுதவியை விரிவாக்கிய உயர்கல்விச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட இடம் டெக்சாஸின் சான் மார்கோஸ். அங்குள்ள கல்லூரியில் படித்தபோது துப்புரவு வேலையும் பார்த்தவர் அவர். 1972-இல் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் முயற்சியால், ஏழை மாணவருக்குத் திருப்பிக் கட்ட வேண்டாத மானியம் வந்தது. மாணவர் தேர்ந்தெடுக்கும் கல்லூரிக்கு இந்தப் பணம் அவரோடு சேர்ந்து போகும். இன்று அது பெல் கிராண்ட்.

உதவிகள் பெருகப் பெருக விண்ணப்பமும் கனத்தது. 1992-இல் கட்டணமில்லாத பொது விண்ணப்பமாக ஃபாஃப்சா உருவானபோதும், கேள்விகள் நூற்றைத் தாண்டின. எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வரிக்கணக்கு நிறுவனத்தின் கிளைகளில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். எளிய குடும்பங்களுக்கு ஊழியர்களே சில நிமிடங்களில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளில் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் படித்தவர்களின் பங்கு 28 சதவீதத்திலிருந்து 36 ஆனது. தகவலை மட்டும் சொல்லி அனுப்பிய வீடுகளில் மாற்றமில்லை. தகுதி இருந்தும் ஒரு படிவத்தால் படிப்பை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

விண்ணப்பித்த பிறகு கல்லூரியிலிருந்து வரும் கடிதமும் தெளிவாக இருப்பதில்லை. மானியம், வட்டியோடு திருப்ப வேண்டிய கடன், வளாகத்தில் வேலை செய்து ஈட்ட வேண்டிய ஊதியம் மூன்றையும் ஒரே தொகையாகக் கூட்டிக் காட்டும் கல்லூரிகள் உண்டு. பெரும்பாலான கல்லூரிகள் உண்மைச் செலவைக் குறைத்துக் காட்டுகின்றன அல்லது சொல்வதே இல்லை என்று 2022-இல் அரசின் தணிக்கை அமைப்பே சொன்னது.

படிவத்தைச் சுருக்க 2020-இல் சட்டம் வந்தது. புதிய ஃபாஃப்சா 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது, அதுவும் கோளாறுகளோடு. பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத வீடுகளில், அமெரிக்கக் குடிமக்களான பிள்ளைகளே தொடக்க மாதங்களில் விண்ணப்பிக்க முடியாமல் திண்டாடினார்கள். சேரும் கல்லூரியை மாணவர் உறுதிசெய்ய வேண்டிய மே 1 என்ற வழக்கமான கெடுவைப் பல கல்லூரிகள் தள்ளிவைத்தன. விண்ணப்பம் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் திறந்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.