இரும்பு போய் ரப்பர் வந்து, மறுபடியும் இரும்பு வந்த கதை

கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் விட்டதும் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து டிராக்டர்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். பின் டயரை ஒட்டி கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டை வைத்து போல்ட் முடுக்குவார்கள். பவர் டில்லர் என்றால் டயரையே கழற்றிவிட்டுக் கூண்டை மாட்டுவார்கள்.

காங்கேயம் காளைக்கு இந்த வம்பெல்லாம் இருந்ததில்லை. பிளந்த குளம்பு சேற்றில் விரிந்து தாங்கும், தூக்கும்போது சுருங்கிக்கொள்ளும். ரோட்டில் வண்டி இழுக்கத்தான் அதற்கு லாடம் வேண்டும். டிராக்டர் இதற்கு நேர் தலைகீழ். ரோட்டில் சும்மா ஓடும், வயலில் இறங்கத்தான் லாடம் கேட்கும்.

வழுக்கும் சக்கரத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு 1904 ராசியான ஆண்டு. நியூயார்க் மாநிலத்தில் கனஸ்டோட்டா ஊர்க்காரர் ஹாரி வீட், சேற்றிலும் பனியிலும் மாட்டிய கார்க்காரர்கள் டயரில் கயிறும் கொடியும் சுற்றுவதைப் பார்த்தார். கயிற்றுக்குப் பதில் சங்கிலி என்று ஆகஸ்டில் காப்புரிமை வாங்கிவிட்டார். காஷ்மீருக்குப் பாரம் ஏற்றிப் போகும் நாமக்கல் லாரிக்காரர்களுக்கு அந்தச் சங்கிலியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றே மாதம் கழித்து, அமெரிக்காவின் மறுகோடியான கலிஃபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் வேறு வழி பிடித்தார். அங்கே ஸ்டாக்டன் பகுதி டெல்டா மண் பொதபொதவென்று இருக்கும். சக்கரத்தை அகலமாக்கி அகலமாக்கிப் பார்த்து அலுத்தவர், சக்கரத்தை எடுத்துவிட்டுத் தொடர்பட்டை போட்டார். சேற்றுக்காக வந்த அந்த வண்டி முதல் உலகப் போரில் பீரங்கி இழுத்தது. டாங்கி செய்யும் யோசனைக்கும் அது ஒரு தூண்டுதல்.

சாதாரண விவசாயிக்குத் தொடர்பட்டை கட்டுப்படியாகாது. 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் முள் வைத்த இரும்புச் சக்கரத்தில்தான் ஓடியது. ஆனால் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகளில் அந்த முள் மரத்தின் வேரை அறுத்தது. தோப்புக்காரர்கள் புலம்ப, அங்கே டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த ஹாய்ல் பவுண்ட்ஸ் 1920-களில் ரப்பர் மாட்டிப் பார்த்தார். 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் என்கிற டிராக்டர் நிறுவனம் எடுத்தது விமான டயரை! மறு ஆண்டே பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை ஏற்றி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் டிராக்டரை ஓடவிட்டுக் காட்டியது. உழவுக்கு எதற்கு அந்த வேகம் என்று யாரும் கேட்கவில்லை. 1940-க்குள் அங்கே விற்ற புது டிராக்டர்களில் பெரும்பாலானவை ரப்பர் டயரோடு வந்தன.

நெல் வயலிடம் மட்டும் ரப்பரின் பாச்சா பலிக்கவில்லை. டயரின் பற்களுக்கு இடையே சேறு அப்பிக்கொண்டால் அது வழவழப்பான உருளைதான். நின்ற இடத்திலேயே சுற்றும். கூண்டில் சேறு ஒட்ட இடமில்லை, கம்பிகளின் சந்து வழியே விழுந்துவிடும். சாய்த்து வைத்த குறுக்குப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிமண்ணைப் பிடித்துத் தள்ளும்.

ஜப்பானின் சிறு வயல்களில் பழகிய பவர் டில்லர் நம் பக்கம் வந்தபோது கூண்டும் கூடவே வந்தது. மிட்சுபிஷி கூட்டோடு பெங்களூரில் வி.எஸ்.டி. நிறுவனம் 1967-இல் தொடங்கியது. குபோட்டா கூட்டோடு கேரளத்து அத்தாணியில் காம்கோ 1973-இல் வந்தது. அதே காலத்தில் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் டில்லர் வரைபடத்தைச் சிறு பட்டறைகளுக்குத் தாராளமாகக் கொடுத்தது.

நம் ஊர்ப் பட்டறைக்கு வரைபடமும் தேவைப்படவில்லை. ஒரு கூண்டைக் கண்ணால் பார்த்து அளவெடுத்தால் போதும். ஆங்கிளையும் பட்டையையும் வளைத்து வெல்டிங் வைத்து இன்னொன்று செய்துவிடுவார்கள். தோப்புக்கென்று வாங்கிய மினி டிராக்டருக்கும் அளவு குறைத்துச் செய்து கிடைக்கும். இதைக் காப்பி என்று மட்டம் தட்ட எனக்கு மனம் வரவில்லை. வயலின் ஆழம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, பட்டையின் அகலம் ஊருக்கு ஊர் மாறுகிறது.

தார் ரோடுதான் இந்தக் கூண்டுக்குப் பகை. இரும்பு முள் சக்கரங்களை அமெரிக்க மாநிலங்கள் பலவும் ஒரு காலத்தில் ரோட்டில் விடவில்லை. இங்கேயும் கேஜ் வீலோடு ரோட்டில் வரக் கூடாது என்று அதிகாரிகள் எச்சரிப்பதுண்டு. கேட்கிறவர்கள் கூண்டை டிரெய்லரில் ஏற்றிப்போய் வயலோரம் மாட்டுகிறார்கள். அவசரக்காரர்கள் அப்படியே ஓட்டிப்போய்விடுகிறார்கள். யார் வயலுக்குப் போனார்கள் என்று மறுநாள் தாரில் கிடக்கும் வெட்டுத் தடமே ஊருக்குச் சொல்லிவிடும்.