சாவு குறைந்தது, சளி குறையவில்லை

சத்தியமங்கலம் கடைவீதியில் சளிக்கு மருந்து வாங்குகிறவர் வைட்டமின் மாத்திரை அட்டையையும் சேர்த்து வாங்குவதுண்டு. வைட்டமின் நோயைத் தடுக்கும் என்ற அந்த நம்பிக்கையை எடைபோடத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய சோதனை இருக்கிறது. குழந்தைகளின் கண்பார்வையைக் காக்க 1970 முதல் இந்திய அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ கொடுத்து வந்தது. அதே சத்து உயிரையும் காக்குமா என்ற கேள்வியோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை திருச்சி மாவட்டக் கிராமங்களுக்குப் போனது. 6 மாதம் முதல் 5 வயது வரையிலான 15,419 குழந்தைகளுக்கு ஓராண்டு முழுக்க வாராவாரம் மருந்து கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு 8,333 யூனிட் வைட்டமின் ஏயும் 20 மில்லிகிராம் வைட்டமின் ஈயும். மற்ற பிரிவுக்கு ஈ மட்டும். எந்தக் குழந்தைக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. ஏ பெற்ற பிரிவில் சாவு 54 சதவீதம் குறைந்ததென்று 1990இல் முடிவு வந்தது. மறுவருடம் அதே குழுவின் இன்னொரு கட்டுரை வந்தது: வயிற்றுப்போக்கிலும் மூச்சுத்தொற்றிலும் ஒரு மாற்றமும் இல்லை. முதல் கட்டுரைதான் பேர் வாங்கியது.

இருமலைத் தாய் சொல்லிக் கேட்டுக் குறித்தால் கணக்கு பிசகாதா என்று கேட்கலாம். பிசகும், ஆனால் இரு பிரிவிலும் ஒன்றுபோலப் பிசகும். சிறு வித்தியாசம் அதில் மறையலாம், பாதிக்குப் பாதி குறைந்திருந்தால் மறையாது. கிருமி நுழைவதை வைட்டமின் தடுக்கவில்லை, நுழைந்தபின் பிழைக்க வைத்தது என்றே இரண்டு முடிவுகளையும் சேர்த்து வாசிக்கத் தோன்றுகிறது. இதைவிடக் கடினமான மறுப்பு ஐதராபாத்திலிருந்து வந்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அதே 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏயை ஆறு மாதத்துக்கொரு பெரிய டோஸாகக் கொடுத்துப் பார்த்ததில் சாவில் வித்தியாசமே இல்லை. அதுவும் 1990இல்தான் வெளியானது. திருச்சியின் வாரக் கணக்கை 26ஆல் பெருக்கினால் 2 லட்சத்துக்குச் சற்று மேல்; மொத்த அளவு ஏறக்குறைய ஒன்றே. ஆக, அளவைக் காட்டி இந்த முரணைத் தீர்க்க முடியாது. எந்த இடைவெளியில் கொடுத்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். திருச்சியில் அதிகம் பிழைத்தவர்கள் மூன்று வயதுக்குட்பட்டவர்களும், நெடுநாள் ஊட்டமில்லாமல் வளர்ச்சி குன்றியவர்களும்.

மூன்று வேளையும் சாப்பிடும் சத்திக்காரருக்கு அந்த 54ஐக் காட்டி மாத்திரை விற்பது நியாயமாகாது. அவரைப் போன்றவர்களுக்கான கணக்கு வேறு. வைட்டமின் சி சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2013ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வில், தினமும் விழுங்கியும் சாதாரண மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. பெரியவர்களுக்கு வந்த சளி 8 சதவீதம் முன்னதாக விட்டது. ஒரு வாரச் சளியில் அது அரைநாள். அதுவும் சளிக்கு முன்பிருந்தே எடுத்து வந்தவர்களுக்கு. மூக்கு ஒழுகிய பிறகு தொடங்கியவர்களிடம் உறுதியான பலன் எதுவும் தென்படவில்லை.