தகுதியும் பேரமும்: ஐ.நா. அவை உறுப்பினர் சேர்க்கை, 1955

அமைதி விரும்பும் நாடுகளுக்கு ஐக்கிய நாடுகள் அவையில் இடமுண்டு என்பது சாசனத்தின் 4ஆம் பிரிவு கூறும் நெறியாகும். எனினும், பாதுகாப்பு அவையின் பரிந்துரையின்றி எந்நாடும் நுழைய இயலாது. வல்லரசுகளின் பேரம் நிகழ்ந்த இடம் இவ்வாயிலே. ஒரு நாட்டின் சேர்க்கையைப் பிற நாடுகளின் சேர்க்கையோடு பிணைத்தல் சாசனத்திற்கு ஒவ்வாது எனப் பன்னாட்டு நீதிமன்றம் 1948 மே 28இல் கருத்துரைத்தது. அவ்வாண்டிலேயே இலங்கையின் விண்ணப்பத்தைச் சோவியத் ஒன்றியம் தடுப்பதிகாரத்தால் வீழ்த்தியது. இலங்கை உள்ளிட்ட 16 நாடுகள் 1955 டிசம்பர் 14இல் இடம்பெற்றதோ அத்தகைய பிணைப்பின் வழியாகவே. முதலில் பேசப்பட்டவை 18 நாடுகள். மங்கோலியாவைத் தைவானிலிருந்து இயங்கிய சீனக் குடியரசு தடுக்க, ஜப்பானைச் சோவியத் ஒன்றியம் தடுத்தது. ஜப்பான் 1956இலும் மங்கோலியா 1961இலுமே உறுப்புரிமை பெற்றன. தகுதி திறவாத கதவைப் பேரம் திறந்தது. அப்பேரமே இரு நாடுகளைப் புறத்தே நிறுத்தியது என்பதும் கருதத்தக்கது.