பன்றிக்கு வந்த பெயர்

1918 இலையுதிர்காலத்தில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துச் சீடார் ராப்பிட்ஸ் நகரில் தேசியப் பன்றிக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே பல பன்றிகள் இருமலும் காய்ச்சலுமாக நோயுற்றன. கண்காட்சி முடிந்து அவை திரும்பிய பண்ணைகளிலும் நோய் பரவியது. அதே வேளையில் மனிதரைக் கொன்றுகொண்டிருந்த இன்ஃபுளுவென்சாவின் பெயரையே அரசுக் கால்நடை மருத்துவர் ஜே. எஸ். கோயன் அந்நோய்க்கும் இட்டார். இறைச்சி விற்பனை சரியுமென அஞ்சியோர் சினந்தனர், அவர் பின்வாங்கவில்லை. நுண்ணோக்கிக்கும் எட்டாத ஒன்றைப் பெயரிடலே முதலில் அடையாளங்காட்டியது என்பேன். ரிச்சர்ட் ஷோப் பன்றியின் வைரஸை 1931இல் வெளிப்படுத்தினார்; மனித வைரஸ் கிடைத்தது 1933இல்தான்.

அன்று நோய் மனிதரிடமிருந்தே பன்றிக்குச் சென்றது என்பதே இன்று பலர் ஏற்கும் கருத்து. 2009இல் நாமோ ‘பன்றிக் காய்ச்சல்’ என்றோம். 2012இல் இந்தியானா, ஒஹாயோ கண்காட்சிகளில் பன்றிகளை அணுகிப் பேணிய சிறார் பலர் நோயுற்றபோது, தொற்றின் திசையும் மாறியிருந்தது.