சுமைதாங்கி சொல்லும் வரலாறு

நாஞ்சில் நாட்டுப் பழைய வழிகளிலே, நட்ட இரு கற்களின் மேல் ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளை இன்றும் சில இடங்களிற் காணலாம். தலைச்சுமையோடு நடந்தோர் பாரத்தை இறக்கி இளைப்பாறிய கற்கள் இவை. இவற்றுட் பல, கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நாட்டப்பட்டவை. வயிற்றுச் சுமையை இறக்காமலே மறைந்தவளின் ஆன்மா இதனால் அமைதியுறும் என முன்னோர் நம்பினர்.

அவள் ஏன் இறந்தாள் என்பதைக் கல் சொல்லாது. 1838-இல் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கினார். அதன் பின்னரும் நெடுங்காலம் சில காரணங்கள் மறைந்தே கிடந்தன. உடலின் காவற்படையே உடலைத் தாக்கும் லூப்பஸ் நோய் அவற்றுள் ஒன்று. பெரிதும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையே பற்றும் அந்நோய், சிறுநீரகத்தைக் கெடுக்கும்; இரத்த அழுத்தத்தை உயர்த்தும்; கருவைச் சிதைக்கும். 1983-இல் இலண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ், இரத்தத்தை உறையச்செய்து கருச்சிதைவுக்குக் காரணமாகும் எதிர்ப்பொருள்களைப் பற்றி விளக்கினார்.

இந்நோயுடையார் கருவுறலாகாது என்றே முன்பு மருத்துவர் தடுத்தனர். இன்றோ, நோய் ஆறு மாதமேனும் அடங்கியிருந்தபின் கருவுற்று, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தை நிறுத்தாது உண்டு, மருத்துவர் கண்காணிப்பில் இருப்போருட் பெரும்பாலோர் நலமே மகவு பெறுகின்றனர். மாணவர்களே, முன்னோர் கல் நாட்டி இரங்கினர். அக்கல்லுக்குத் தேவை நேராதபடி காப்பது நம் கடன்.