மொட்டைக் கடுதாசியும் இரட்டைக் குழல் துப்பாக்கியும்

2024 மார்ச் 16, சனிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல் தேதிகளை அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து ராயபுரத்து நண்பர் போன் செய்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர், ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"இன்னா தம்பி, மறுபடியும் துப்பாக்கிய எடுத்துக்கினு ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து வீட்ல இருக்குது. ஒரு காக்காயக்கூட சுட்டதில்ல. நான் இன்னா குற்றவாளியா?"

அவரிடம் இருப்பது 12 போர் இரட்டைக் குழல். அவருடைய அப்பா அதை வைத்து எண்ணூர் கழிமுகத்தில் வாத்து சுட்டிருக்கிறார். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் அந்த இடம் ஒரு காலத்தில் பட்டணத்து வெள்ளைக்காரர்கள் விடுமுறைக்குப் போய்த் தங்கும் இடம். இன்று அங்கே அனல் மின் நிலையச் சாம்பல்தான் தெரிகிறது.

ஏப்ரல் 19இல் வாக்குப்பதிவு முடிந்தும் ஜூன் 4 வரை, அதாவது எண்ணிக்கை முடியும் வரை, துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருந்தது. நண்பருக்குத் தூக்கமில்லை. யாராவது எடுத்துச் சுட்டுவிடுவார்கள் என்ற பயமில்லை, ராயபுரத்து உப்புக் காற்றில் குழல் துருப்பிடிக்குமே என்ற கவலை. யார் எண்ணெய் போடுவார்கள்?

அவர் கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. ஆயுத உரிமப் பிரிவில் சில வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

கதை 1878இல் தொடங்குகிறது. லிட்டன் பிரபு வைஸ்ராய். அந்த ஒரே வருடத்தில் இரண்டு சட்டம் கொண்டுவந்தார். ஒன்று, நம் மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றது ஆயுதச் சட்டம். அடுத்து வந்த ரிப்பன் பிரபு முதலாவதை எடுத்துவிட்டார். இரண்டாவதை யாரும் தொடவில்லை. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசன்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு என்றுதான் அது நடந்தது. வலி சட்டத்தைவிட அந்த விலக்கில்தான் இருந்தது. அகிம்சை பேசிய காந்தியே 1918இல் படைக்கு ஆள் சேர்க்கப் போனபோது வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில், ஆங்கில ஆட்சியின் தவறுகளிலேயே மிகக் கறுப்பானது ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டம்தான் என்ற பொருளில் எழுதினார்.

இதில் எங்கள் புதுச்சேரிக்கும் ஒரு பங்குண்டு. பிரெஞ்சு எல்லைக்குள் லிட்டனின் சட்டம் செல்லாது. 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் ஒற்றர்கள் புதுவைத் தெருக்களில் வீடெடுத்துத் தங்கி, யார் எங்கே போகிறார், யார் வீட்டுக்கு என்ன பார்சல் வருகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். துப்பாக்கி வைத்திருப்பவனைவிட அதைப் பற்றித் துப்பு கொடுப்பவன் அதிகமாகிவிட்ட காலம்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். துப்பாக்கியை 'ஃபுசி' என்றும் தோட்டாவை 'கார்தூஷ்' என்றும்தான் முதலில் அறிந்தேன். பின்னாளில் மெட்ராஸில் வடநாட்டுப் போலீஸ் அதிகாரி ஒருவர் 'கார்தூஸ்' என்று சொன்னபோது, இவர் எந்த ஊரில் பிரெஞ்சு படித்தார் என்று திகைத்திருக்கிறேன்! நம் 'துப்பாக்கி'யும் துருக்கியர் வாயிலிருந்து புறப்பட்டு வந்த சொல்தான். சைகோனில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசுட்டேரிப் பக்கம் போய் நாரை, உள்ளான் என்று சுட்டுக்கொண்டு வருவார். சைக்கிள் கம்பியில் பறவைகள் தலைகீழாகத் தொங்கும். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம்.

சுதந்திரம் வந்தால் இந்தச் சட்டம் போய்விடும் என்று பலர் நம்பியதில் தவறில்லை. 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவுபடுத்தி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது. தேசப் பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது. நான் அங்கே உட்கார்ந்திருந்தாலும் அம்பேத்கர் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன்.

லிட்டனின் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய ஆயுதச் சட்டம் 1959இல் வந்தது. அமலானது 1962 அக்டோபர் 1. சீனா படையெடுக்க மூன்று வாரம்கூட இல்லை. லைசன்ஸ் அப்போதும் இருந்தது. அதில் 36ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. இந்தச் சட்டப்படியான குற்றம் நடப்பது தெரிந்தால் எவரும் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் சொல்லியாக வேண்டும், சொல்லாததற்குத் தக்க காரணம் இருந்தால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். 

தேர்தலுக்குத் துப்பாக்கியை வாங்கி வைப்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1967 ஜனவரி 12ஆம் தேதி, தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில், ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டதும், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே பரங்கிமலையில் ஜெயித்ததும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வடசென்னைக்காரர்களுக்குத் துப்பாக்கி என்றால் பழக்கமில்லாத சாமான். 'புல்லட்' என்றால் மோட்டார் சைக்கிள். 1956 முதல் திருவொற்றியூரில் செய்த ராயல் என்ஃபீல்டின் சின்னமே பீரங்கிதான். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகம் செய்ததால் வந்த சின்னம். ஆனாலும் சில வீடுகளில் நிஜத் துப்பாக்கி இருந்தது. பழைய ரயில்வே குடும்பங்கள், பட்டாளத்திலிருந்து வந்து தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தவர்கள், வேட்டைப் பிரியர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டை போனது, துப்பாக்கி மட்டும் தங்கியது. முன்பு எலி கம்பெனித் தோட்டாக்கள் இங்கிலாந்திலிருந்து வரும். அப்புறம் கட்கி அரசாங்கத் தொழிற்சாலையின் 'சக்திமான்' தோட்டா. எது வாங்கினாலும் கடைக்காரர் லைசன்ஸ் புத்தகத்தில் தேதி, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று அதே புத்தகத்தில் இரண்டு எண் இருக்கும்.

இனி நான் சொல்லப்போவது நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது. எந்த அலுவலகம், எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை.

1986 நவம்பர். பெங்களூரில் சார்க் மாநாடு. அதற்கு முன்பாகத் தமிழ்நாடு முழுக்க இலங்கைப் போராளிக் குழுக்களின் இருப்பிடங்களைப் போலீசார் ஒரே நாளில் சோதனையிட்டு ஆயுதங்களைப் பறித்தார்கள். அந்த மாதம் முதல் நாள், தீபாவளியன்று, சூளைமேட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து ஓர் உயிர் போயிருந்தது. ஊரில் துப்பாக்கி என்ற சொல்லே கெட்ட சொல்லாக இருந்த நேரம்.

எண்ணூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் அதற்கு இரண்டு மாதம் முன்பே என் சீட்டுக்கு வந்திருந்தார். கணவர் ஒரு தொழிற்சாலையில் காவலராக இருந்தவர், இறந்துவிட்டார். அவர் பெயரிலிருந்த துப்பாக்கியை மகன் பெயருக்கு மாற்ற விண்ணப்பம். கூடவே இறப்புச் சான்றிதழ், லைசன்ஸ் புத்தகம். வாங்கி வைத்துக்கொண்டேன். லைசன்ஸ் என்பது ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவர் கண்ணை மூடிய நாளே துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கக் கூடாது. 21ஆம் பிரிவின்படி ஸ்டேஷனிலோ, லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். இதை அந்த அம்மாவிடம் ஒரு வரி நான் சொல்லியிருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரம். சொல்லவில்லை. பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் கொடுக்கவில்லை. புத்தகம் என் மேஜை இழுப்பறைக்குள் போனது. தன்பதிவேட்டில் எண் மட்டும் ஏறியது.

நவம்பர் நடுவில் தபாலில் ஒரு மொட்டைக் கடுதாசி. இன்ன தெருவில், இன்ன வீட்டில், லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி இருக்கிறது, மகன் கண்ட கண்ட ஆட்களோடு சுற்றுகிறான் என்று. பழைய தகராறு ஏதோ என்பது கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் மேலே இருந்தவர்கள் பதறினார்கள். குறிப்பு எழுதி, நகல் எடுத்து, அனுப்பி, எல்லாம் நாலே நாளில் முடிந்தது. எழுதியது நான். அந்த விலாசத்துக்கான விண்ணப்பம் என் முழங்கைக்குக் கீழே பதினோரு வாரமாகக் கிடந்தது, எனக்கு உறைக்கவில்லை.

போலீசார் போனார்கள். துப்பாக்கியும் ஏழு தோட்டாவும் இருந்தன. புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். ஆபீஸில் கொடுத்திருக்கிறோம் என்றார் அந்த அம்மா. ரசீது? இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை.

"சார், நான் குடுத்தேன்ல சார். நீங்கதான வாங்குனீங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

இழுப்பறையைத் திறந்தேன். புத்தகம் இருந்தது, விண்ணப்பத்தின் மேல் தபால் முத்திரைத் தேதியும் தெளிவாக இருந்தது. கண்காணிப்பாளரிடம் உண்மையைச் சொல்லி, நான் வாங்கிய திட்டுகளை எழுத வேண்டாம், அன்று பகலுக்குள் ஒரு கடிதம் தயார் செய்து நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் பையனை விட்டுவிட்டார்கள். ஒரு ராத்திரி, ஒரு பகல். முகத்தில் வீக்கம் இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை.

அதன்பின் அந்த அம்மா விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். துப்பாக்கியை விற்றுக்கொள்ளலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்று இந்த முறை பொறுமையாகவே சொன்னேன். "வேணாம் சார், அத நீங்களே வச்சிக்கங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கெடு முடிந்தபின் துப்பாக்கி அரசுடைமை ஆனது. அந்த ஆணையின் வரைவும் என் கையெழுத்தில்தான். மொட்டைக் கடுதாசி இருந்த கோப்பை 'எல்.டிஸ்.' என்று முடித்தோம். ஒரு வருடத்தில் கிழித்துவிடும் வகை. எழுதியவன் யாரென்று கடைசி வரை யாரும் தேடவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. லைசன்ஸ்காரர் எல்லோருக்கும் தேசியப் பட்டியலில் ஓர் எண். 2019 திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பது இரண்டானது. ஒன்றுதான் என்று முதலில் மசோதா போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டாக்கினார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது ஐந்து வருடமானது. எனக்குப் பிடித்தது 2016 விதிகளில் உள்ள ஒன்று. லைசன்ஸ்காரருக்கு 70 வயதாகிவிட்டால், அல்லது 25 வருடம் வைத்திருந்தால், உயிரோடு இருக்கும்போதே வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். 1986இல் இது இருந்திருந்தால் அந்தக் காவலர் தன் கையாலேயே முடித்துவிட்டுப் போயிருப்பார்.

ஜூன் மாதம் ராயபுரத்து நண்பருக்குத் துப்பாக்கி திரும்பி வந்தது. துரு இல்லை, தூசிதான். வீட்டுக்குப் போயிருந்தேன். தினத்தந்தியை விரித்து அதன்மேல் துப்பாக்கியைப் பிரித்து வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மகள் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். விண்ணப்பத்தைக் கணினியில் மகளே போட்டாள். கூடக் கொடுக்க வேண்டிய காகிதங்களை நான் அடுக்கிக் கொடுத்தேன். லைசன்ஸ் புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து, இரண்டு செட்.

ஒரு செட்டில் தேதியோடு சீல் வாங்காமல் அந்த மேஜையை விட்டு நகரக் கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன்.

"இன்னா தம்பி, நீயே ஆபீஸ்ல இருந்தவன், நீயே நம்ப மாட்டேன்றியே" என்று சிரித்தார்.